தரிசனக் குடும்பத்துத் தலைவலி

கடவுள் இந்தக் கடற்கரையில் நேரடியாகப் பேசிய குடும்பம் ஒன்றே ஒன்றுதான் என்றும், அது தங்கள் குடும்பம் என்றும் ஜெபசிங் ஆண்டுதோறும் ஒலிபெருக்கியில் அறிவித்துவந்தார். பேசினார் என்றால் சொற்களால் அல்ல, ஒளியால். நூறு ஆண்டுகளுக்கு முன், சாத்தான்குளத்துக்குத் தெற்கே தேரி மணலில் நடந்துபோய்க்கொண்டிருந்த ஜெபசிங்கின் தாத்தா உபதேசியார் வேதமாணிக்கத்தின் கண்முன் பரலோக நகரத்தின் மதில் எழுந்தது. கோணல் கோணலான மதில். ஒவ்வொரு கோணத்திலும் மாணிக்கமும் மரகதமும் பளிச்சிட்டன. மதில் மெல்ல விரிந்து, பார்வையின் ஓரத்துக்குப் போய் மறைந்தது. உபதேசியார் மணலில் முழந்தாளிட்டார்.

முழந்தாளிட்டது வாந்தி எடுப்பதற்கு என்பதை ஜெபசிங் ஒலிபெருக்கியில் சொல்வதில்லை.

அதற்குப் பிறகு உபதேசியார் பொழுது சாயும்வரை இருட்டறையில் ஈரத்துணியைத் தலையில் கட்டிக்கொண்டு கிடந்தார். அடுப்படியில் யாரோ பாத்திரத்தை உருட்டியபோது, உபதேசியார்கள் அறிந்திருக்கக் கூடாத ஒரு சொல்லைச் சொன்னார். மகிமையைக் கண்ட மனிதத் தலை அப்படித்தான் வலிக்கும் என்று குடும்பம் முடிவுசெய்தது. அவருக்குப் பின் தலைமுறைக்கு மூன்று நான்கு பேருக்கு அந்த மதில் தெரிந்தது. ஆண்டுதோறும் நடக்கும் ஸ்தோத்திரக் கூட்டத்தில் பார்த்தவர்களுக்கு முன்வரிசை நாற்காலி. பார்க்காதவர்கள் கூட்டம் முடிந்ததும் பந்தி பரிமாற வேண்டும். இந்த ஏற்பாட்டை யாரும் எழுதிவைக்கவில்லை. ஆனால் சாம்பார் வாளியைத் தூக்கியவர்களுக்கெல்லாம் அது நன்றாகத் தெரியும்.

ஜெபசிங் வாளி தூக்கியதில்லை. துறைமுக அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வுபெற்று, இப்போது மில்லர்புரத்துச் சபையில் செயலாளர். மனைவியை இழந்தவர், பிள்ளை இல்லை. அடுத்த வீட்டில் குடியிருக்கும் தம்பி நேசக்குமாரின் வீட்டில்தான் மூன்று வேளையும் சாப்பாடு. அவருக்குத் தரிசனம் கிடைத்தது பத்தொன்பதாவது வயதில், பாளையங்கோட்டைக் கல்லூரி விடுதியில், வேதியியல் தேர்வன்று காலையில். தேர்வுக்குப் போக முடியவில்லை. பெல்ட்டோடு விடுதிக்கு வந்த அப்பா, காரணத்தைக் கேட்டதும் மகனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்.

தம்பி நேசக்குமாருக்கும் இளமையிலேயே மதில் தெரிந்தது. அவர் துறைமுகத்தில் இறங்கும் சரக்குக்குச் சுங்க வேலைகளை முடித்துக்கொடுக்கும் ஏஜென்சி நடத்துபவர். ஒரு காலத்தில் அவர் அலுவலகத்துக்குள் போனில் பேசினால் ரோட்டில் நிற்கும் லாரிக்காரர்கள் ஹாரன் அடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். இரண்டு வருடமாக அந்தச் சத்தம் இல்லை. போகச் சொன்னால் அலுவலகம் போவார். வந்தால் முன்னறையில் உட்கார்ந்து மின்விசிறியைப் பார்ப்பார். விசிறி ஓடுகிறதா நிற்கிறதா என்பது அவருக்கு ஒரு பொருட்டில்லை.

“தரிசனம் கண்டவங்க ஏறுத அமரிக்கைங்கிற படி இது,” என்பார் ஜெபசிங். “அப்பாவுக்கு அம்பத்தொரு வயசுலதான் வந்துச்சு. நேசனுக்கு முந்தியே வந்துட்டு. குடுத்து வச்சவன்.”

நேசக்குமாரின் மனைவி ஈவாஞ்சலின் பள்ளியில் கணக்கு டீச்சர், நாசரேத்துக்காரி. அவளுக்கு இந்தப் படி ஏறியதில் ஒரு நன்மையும் தெரியவில்லை. முன்பெல்லாம் அவள் பள்ளிவிட்டு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் உள்ளேயிருந்து, “சாப்ட்டியா ஈவா?” என்று குரல் வரும். மாலை ஐந்து மணிக்கு அது எந்தச் சாப்பாட்டைப் பற்றிய கேள்வி என்று அவள் கேட்டுக்கொண்டதே இல்லை. இப்போது அந்தக் குரல் வருவதில்லை. மனுஷனுக்குத் தன்மேல் சலிப்புத் தட்டிவிட்டது என்று அவள் நினைத்தாள். பரிசுத்தத்தில் முன்னேறிக்கொண்டிருக்கும் ஒருவரைப் பற்றிப் போய் யாரிடம் புகார் சொல்வது? சொல்லவில்லை.

அவர்களுடைய ஒரே மகள் ஜெபிஷா பதினாறு வயதில் ஒருநாள் டியூஷனிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து, “கண்ணுக்குள்ள ஒடஞ்ச கண்ணாடி மாதிரி மின்னுது,” என்றாள். அவள் வாந்தி எடுத்து முடிப்பதற்குள் ஜெபசிங் தெரு முழுக்க மக்ரூன் கொடுத்து முடித்துவிட்டார். இப்போது அவளுக்கு இருபத்துநான்கு. தனியார் வங்கியில் வேலை. துறைமுகத்துக் கண்டெய்னர் முனையத்தில் பொறியாளராக இருக்கும் அபிலாஷுக்கு நிச்சயம் செய்திருந்தார்கள். கல்யாணத் தேதியைக் குறித்தது ஜெபசிங். தரிசன நூற்றாண்டும் திருமணமும் ஒரே நாளில் நடந்தால் எவ்வளவு பொருத்தம் என்று அவர் யோசித்தார். வேறு எந்தப் பொருத்தத்தையும் யோசிக்கவில்லை. அழைப்பிதழ் அச்சாகி வந்தபிறகுதான் ஈவாஞ்சலின் காலண்டரையும் மகளையும் மாறிமாறிப் பார்த்தாள்.

“அத்தான், இந்தத் தேதி ஆகாது,” என்றாள் ஜெபசிங்கிடம்.

“ஏன் ஆகாது? மண்டபம் சொல்லியாச்சு. பிரியாணி மாஸ்டருக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சு.”

“அன்னைக்கு அவளுக்கு வீட்டுக்குத் தூரம் வாற நாளு. வெள்ளைப் பொடவை கட்டிக்கிட்டுப் பீடத்துக்கு முன்னால முழங்கால் போட்டு நிக்கணும்.”

ஜெபசிங் கூரையைப் பார்த்தார். அலுவலகத்தில் முப்பது வருடம் கோப்புகளைத் தள்ளிப்போட்டுப் பழகியவருக்கு ஒரு வழி இருக்கத்தான் செய்யும் என்று தோன்றியது. வழி இருந்தது. இந்த ஊரில் கோயில் கொடை என்றாலும் கல்யாணம் என்றாலும் எல்லா வீட்டுப் பெண்களுக்கும் தெரிந்த வழி. தள்ளிப்போட மாத்திரை.

“தேதி குறிச்சது நீங்க,” என்றாள் ஈவாஞ்சலின். “நீங்களே போயி வாங்கிட்டு வாங்க.”

தாணுலிங்கம் அண்ணாச்சியின் மருந்துக்கடையில் ஜெபசிங் முதலில் இருமல் மருந்து வாங்கினார். பிறகு பஞ்சு. பிறகு ஒரு தைலம். கூட்டம் குறையட்டும் என்று காத்திருந்தார். கூட்டம் குறையவில்லை.

“வேற என்ன செயலாளர் ஐயா?”

“வீட்டுல ஒரு விசேஷம் வருது...”

“தள்ளிப்போடுத மாத்திரையா?” என்றார் தாணுலிங்கம், கடைக்கு வெளியே நின்ற ஆட்டோக்காரரும் அறியும்படி. “அதுக்கு எதுக்கு இருமல் மருந்து வாங்குதிய?” ஒரு செய்தித்தாளைக் கிழித்து, உள்ளே இருப்பது வெடிகுண்டு என்பதுபோல் நாலு மடிப்பு மடித்துக் கொடுத்தார். டாக்டர் சீட்டு இருக்கிறதா என்று அவரும் கேட்கவில்லை, வேண்டுமே என்று இவரும் நினைக்கவில்லை.

மாத்திரை தொடங்கி மூன்று நாள் ஆகியிருந்த ஒரு சனிக்கிழமை மத்தியானம், ஜெபசிங் தம்பி வீட்டு முன்னறையில் நூற்றாண்டு உரையை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். கேட்பதற்கு ஜெபிஷா. மின்விசிறியைப் பார்ப்பதற்கு நேசக்குமார். உபதேசியார் தேரி மணலில் கால் வைக்கும் இடத்துக்கு உரை வந்தபோது ஜெபிஷா இடது கையால் கண்ணை மூடினாள்.

“பெரியப்பா, வருது.”

“மதிலா?” ஜெபசிங் உரைத்தாளைக் கீழே வைத்தார். இதைவிடப் பெரிய சாட்சி எந்த உரைக்குக் கிடைக்கும்? அவர் அங்கேயே முழந்தாளிட்டு, கையை உயர்த்தி, சத்தமாக ஜெபிக்கத் தொடங்கினார். வேதமாணிக்கத்தின் தேவனே என்று தொடங்கி, சபை, மாநகராட்சி, துறைமுக விரிவாக்கம் என்று ஜெபம் அகன்றுகொண்டே போனது. ஜெபிஷா ஏதோ சொன்னாள். அவருக்குப் புரியவில்லை. ஆவியில் வரும் அந்நிய பாஷை என்று நினைத்து இன்னும் உரக்க ஜெபித்தார். மறுபடி அவள் சொன்னது புரிந்தது.

“கை... என் கை எங்க பெரியப்பா?”

கண்ணைத் திறந்தார். அவளுடைய வலது கை அவள் மடியிலேயேதான் கிடந்தது. அவள் அதைத் தேடிக்கொண்டிருந்தாள். அடுத்து சொல்ல வந்த வார்த்தைக்குப் பதிலாக “கதவு, கதவு” என்று மட்டும் வந்தது. அவளுக்கே அது தவறான வார்த்தை என்று தெரிந்து கண்ணில் நீர் முட்டியது.

அடுப்படியிலிருந்து ஓடிவந்த ஈவாஞ்சலின் மகளை ஒரு பார்வை பார்த்தாள். “ஆட்டோவப் பிடிங்க,” என்றாள். ஜெபசிங்கால் எழ முடியவில்லை. முழந்தாள் பிடித்துக்கொண்டது. ஈவாஞ்சலினே ஓடினாள். நேசக்குமார் விசிறியிலிருந்து பார்வையை இறக்கி, “எனக்கும் போன வருஷம் இப்படித்தான் இருந்துச்சு,” என்றார்.

ஆட்டோவில் ஏறியபிறகுதான் ஈவாஞ்சலினுக்கு அந்த வாக்கியம் உறைத்தது. “என்ன சொன்னிய? போன வருஷமா? ஏன் எங்கிட்டச் சொல்லல?”

“யாரும் கேக்கலியே.”

பாளையங்கோட்டைச் சாலையில் ஒரு தனியார் மருத்துவமனை. அங்கே போய்ச் சேர்ந்து சற்று நேரத்தில் ஜெபிஷாவுக்குக் கை திரும்பியது, பேச்சும் திரும்பியது. தலையை ஸ்கேன் எடுத்தார்கள். புதிதாக அடைப்பு எதுவும் இல்லை. நரம்பியல் டாக்டர் முத்துச்செல்வி உடன்குடிக் கருப்பட்டிக் கடைக்காரர் ஒருவரின் மகள். நாற்பதைத் தொடாத பெண். ஆட்டோவில் நேசக்குமார் சொன்னதை ஈவாஞ்சலின் சொல்லக் கேட்டதும், அவருக்கும் ஒரு ஸ்கேன் எழுதிக்கொடுத்தார். மறுநாள் இரண்டு படங்களையும் வைத்துக்கொண்டு குடும்பத்தைக் கூப்பிட்டார்.

“உங்க வீட்டுல வேற யாருக்கெல்லாம் இந்த வெளிச்சம் தெரியும்?”

இந்தக் கேள்விக்காகவே வாழ்நாளெல்லாம் பயிற்சி எடுத்திருந்த ஜெபசிங் எழுந்து நின்றார். “நூறு ஆண்டுகளுக்கு முன்னர், தேரி மணலிலே...”

“உக்காந்தே சொல்லுங்க சார். அவருக்கு அப்ப என்ன வயசு?”

“முப்பத்திரெண்டு.”

“வெளிச்சத்துக்கு அப்புறம் தலைவலி, வாந்தி?”

ஜெபசிங் ஈவாஞ்சலினைப் பார்த்தார். “கொஞ்சம்.”

“கடைசிக் காலத்துல எப்படி இருந்தாங்க?”

“தாழ்மையா இருந்தாவ. அகல அடி வச்சு நடக்க மாட்டாவ. தரையத் தேச்சாப்புல, சின்னச் சின்ன அடியா.”

டாக்டர் எழுதிக்கொண்டார். “உங்க அப்பா?”

“அம்பத்தொண்ணுல மவுன விரதம் எடுத்தாவ.”

“எடுத்தாங்களா, பேச வரலியா?”

ஜெபசிங் இதற்கு முன் அந்தக் கேள்வியை யோசித்ததில்லை. “தண்ணி வேணும்னா செம்பக் காட்டுவாவ,” என்றார் மெதுவாக. “விரதம்னு நாங்கதான்...” என்று தொடங்கி நிறுத்தினார்.

“வேற?”

“எஸ்தர் அத்தை. அவங்களுக்கு ஆவியின் சந்தோஷம். சாவு நடந்த துட்டி வீட்டுல கூடச் சிரிப்பாவ.”

“நிறுத்த முடியாமயா?”

“புருஷனுக்குப் பெட்டி மூடையிலயும் சிரிச்சாவ. கண்ணுல தண்ணி வடிஞ்சிட்டே இருந்துச்சு. வாயி சிரிச்சுது.” சொல்லச் சொல்ல அவர் குரல் ஒலிபெருக்கிக் குரலிலிருந்து இறங்கி, அடுத்த நாற்காலிக்கு மட்டும் கேட்கும் அளவுக்கு வந்திருந்தது. மகிமைகளை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து மேசைமேல் வைக்க வைக்க, டாக்டர் அவற்றை ஒவ்வொன்றாக நோய்க்குறி என்று எழுதிக்கொண்டே போனார்.

பிறகு டாக்டர் விளக்கினார். “மூளைக்குள்ள முடி கணக்கா ரத்தக் குழாய் ஓடுது. ஒரு மரபணுக் கோளாறுனால அந்தக் குழாயோட சுவர் வரவரத் தடிச்சு, உள்வழி ஒடுங்கிருது. நேசக்குமார் சார் படத்துல வெள்ளை வெள்ளையா திட்டு இருக்கு பாருங்க, பழைய சின்ன அடைப்பும் இருக்கு. ரத்தத்தப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கேன், வர நாளாகும். ஆனா நீங்க சொன்ன கதையும் இந்தப் படமும் ஒண்ணாத்தான் இருக்கு. இதுல எல்லாருக்கும் கைகால் விழும்னு இல்ல. முதல்ல வெளிச்சமும் தலைவலியும் வரலாம். சிலருக்கு நடை சுருங்கும். சிலருக்குக் காரணமில்லாம சிரிப்போ அழுகையோ வரும். சிலர் எதுலயும் நாட்டமில்லாம சும்மா உக்காந்திருவாங்க. பக்கவாதம் மாதிரித் தெரியாததுனால, வயசாயிட்டுன்னு வீட்டுல விட்டுருவாங்க.”

“நாங்க விடல,” என்றாள் ஈவாஞ்சலின். “முன்வரிசையில உக்கார வச்சோம்.”

“இந்த நோய் ரத்தம் உறையுறதால ஆரம்பிக்கிறது இல்ல,” என்று டாக்டர் தொடர்ந்தார். “ஆனா ஏற்கெனவே ஒடுங்கின வழி. அதுல அடைப்புக்குத் தோதான எதையும் நாம சேக்கக் கூடாது. பீடி சிகரெட், கட்டுக்கு வராத பிரஷர், சுகர், தண்ணியே குடிக்காம வெயில்ல அலையிறது. அப்புறம் பொம்பளப் பிள்ளைங்களுக்கு ஹார்மோன் மாத்திரை. வெளிச்சத்தோட தலைவலி வாறவங்க அதக் கேட்டுத்தான் போடணும். உங்க வீட்டுல போடவே கூடாது. ஜெபிஷாவுக்கு வந்தது தலைவலியோட சேந்ததா, ஒரு கணம் அடைச்சுத் திறந்ததான்னு உறுதியாச் சொல்ல முடியல. எதுன்னாலும் இன்னொரு மாத்திரை வேண்டாம். யாரு வாங்கிக் குடுத்தது?”

“அண்ணன்தான்,” என்றார் நேசக்குமார். கேட்டால் அவர் பதில் சொல்வார்.

ஜெபசிங் ஜெபிஷாவைப் பார்க்கவில்லை. அவள்தான் அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். “விடுங்க பெரியப்பா. உங்களுக்கு என்ன தெரியும்.” நாற்பது வருடமாக எல்லாம் தெரிந்தவராக இருந்த மனிதருக்கு அது ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை.

“அப்பாவுக்கு உறுதியாச்சுன்னா ஒவ்வொரு பிள்ளைக்கும் சரிபாதி வாய்ப்பு,” என்று டாக்டர் ஜெபிஷாவிடம் சொன்னார். “உன் ரத்தத்தச் சோதிக்கணுமா, எப்பங்கிறத நீதான் முடிவு பண்ணணும். வேற யாரும் இல்ல.” பிறகு ஜெபசிங் பக்கம் திரும்பினார். “நீங்களும் பாத்திருக்கீங்கன்னு சொன்னாங்க. நீங்களும் ஒரு ஸ்கேன் எடுத்திருங்களேன்.”

“கூட்டம் முடியட்டும், எடுத்திருவோம்,” என்றார் ஜெபசிங், தேதி எதுவும் சொல்லாமல்.

ஈவாஞ்சலின் கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். “டாக்டர், அப்ப இவுக... எம்மேல வெறுத்துப்போயி இப்படி இல்லையா?”

“வெறுப்பா? இல்லம்மா. மூளையில ஒண்ணத் தானா தொடங்குத இடம் இருக்குல்லா, அங்கனதான் அடி விழுந்திருக்கு. மத்தது எல்லாம் உள்ள இருக்கு. நீங்க எடுத்துக் குடுத்தா வரும்.”

வெளியே நடைபாதை பெஞ்சில் கணவனின் பக்கத்தில் உட்கார்ந்தாள் ஈவாஞ்சலின். யாராவது பார்க்கிறார்களா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

“இங்கேருங்க. நான் சாப்ட்டனான்னு கேளுங்க.”

“சாப்ட்டியா ஈவா?”

“இல்ல,” என்றவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நேசக்குமார் கொஞ்ச நேரம் எதிர்ச்சுவரைப் பார்த்தார். “கேண்டீன்ல இட்லி இருக்கும்,” என்றார். இந்த இரண்டாவது வாக்கியத்தை யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை.

அன்று மாலையே ஜெபிஷா அபிலாஷுக்குப் போன் செய்து, சரிபாதி வாய்ப்பு உட்பட எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டிருந்தான். பின்னால் கிரேன் சத்தம் கேட்டது.

“எங்க வீட்டுல ரெண்டு பக்கமும் சுகரு,” என்றான் கடைசியில். “எங்கப்பாவுக்கு ஒரு கால்ல ரெண்டு விரல் கிடையாது. பொண்ணு பாக்க வந்தப்ப ஷூவக் கழத்தாம உள்ள வந்தாவளே, கவனிக்கலியா?”

“கவனிச்சோம். மேல்நாட்டுப் பழக்கம்னு பெரியப்பா சொன்னாவ.”

அவன் சிரித்தான். பிறகு சிரிக்காமல், “பயமா இருக்கா ஜெபி?” என்றான்.

“இருக்கு.”

“எனக்கும் இருக்கு. சரி, சேந்தே பயப்படுவோம்.”

இனி மாத்திரை இல்லை. தேதியோ நெருங்கிக்கொண்டிருந்தது. ஜெபசிங் தட்டைப் பார்த்தபடி, கிரீம் கலரில் புடவை எடுத்தால் என்ன என்று ஆரம்பித்தார். ஜெபிஷா இன்னொரு தோசையை அவர் தட்டில் போட்டாள். “தள்ளணும்னா தேதியத் தள்ளுங்க, பெரியப்பா.”

தேதி என்பது குருவானவர், மண்டபம், பிரியாணி மாஸ்டர், சென்னையிலிருந்தும் துபாயிலிருந்தும் டிக்கெட் போட்டவர்கள் எல்லாரும் சேர்ந்த ஒன்று. ஜெபசிங் ஒவ்வொருவரிடமும் போய் நின்றார். அவர் யாரிடமும் அப்படிப் போய் நின்றதில்லை. கல்யாணம் ஒரு வாரம் தள்ளியது. நூற்றாண்டுக் கூட்டத்தை மட்டும் தள்ள முடியாது. டிக்கெட் போட்டவர்கள் எப்படியும் வந்து இறங்குவார்கள்.

அவர்கள் வருவதுதான் இப்போது தேவையாகவும் இருந்தது. டாக்டர் ஜெபிஷாவிடம் தெளிவாகச் சொல்லியிருந்தார்: வெளிச்சம் பார்க்கிற சொந்தக்காரர் ஒவ்வொருவருக்கும் விஷயம் தெரிய வேண்டும். எல்லோரையும்விட அவசரம் சாத்தான்குளத்து ஜெபசுதாவுக்கு. அவள் ஜெபசிங்கின் சித்தப்பா மகள் ஜீவமணியின் மகள். முப்பது வயது, மாதாமாதம் மதில் பார்ப்பவள், அடுத்த பிள்ளையைத் தள்ளிப்போட மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருப்பவள். ஜெபிஷா போன் செய்தபோது போனை ஜீவமணி வாங்கிக்கொண்டாள்.

“ஏளா, ஒரு தலைவலிக்கு இம்புட்டுக் கதையா? ஜெபசிங் அண்ணன் வாயால சொல்லட்டும். கேக்கேன்.”

ஜெபிஷா போனை வைத்துவிட்டுப் பெரியப்பாவைப் பார்த்தாள். “சுதா மைனி நீங்க சொன்னாத்தான் நிறுத்துவா.”

“சொல்லிருதேன்,” என்றார் ஜெபசிங்.

சொல்லவும் செய்தார். சபை மண்டபத்தில், ‘தரிசன நூற்றாண்டு’ என்று தங்க எழுத்தில் எழுதிய பேனருக்குக் கீழே நின்று, குடும்பத்தின் நூறு ஆண்டு மகிமைக்கு மருத்துவத்தில் என்ன பெயர் என்று ஒலிபெருக்கியில் சொன்னார். தடித்த குழாய்ச் சுவரைச் சொன்னார். பீடியையும் பிரஷரையும் சொன்னார். மாத்திரையைத் தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். வாங்கிக் கொடுத்தது தான் என்பதையும் சேர்த்துச் சொன்னார். முன்வரிசையில் ஜெபசுதா கைப்பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். கொடுத்துவிடுவதா வேண்டாமா என்பதுபோல் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

அவள் பக்கத்தில் இருந்த ஜீவமணி எழுந்தாள்.

“அண்ணே, ஒண்ணே ஒண்ணு கேக்கேன். நீங்களும் பாத்தவகதான?”

ஒலிபெருக்கி லேசாக இரைந்தது.

“பத்தொம்பது வயசுல பாத்திய. இன்னைக்கு அறுவத்திரெண்டு. பிரஷரு இல்ல, சுகரு இல்ல. காலையில இந்த மாடிக்குத் தண்ணி கேனத் தோளுல வச்சு ஏறுதிய, நான் கண்ணால பாத்தேன். மதிலு சீக்குன்னா உங்கள இந்நேரம் அது சாச்சிருக்கணும்லா? நேசன் தம்பிக்கு வேற என்னமோ. அந்த டாக்டர் பிள்ளைக்கு நம்ம குடும்பத்தப் பத்தி என்ன தெரியும்?”

மண்டபம் முழுக்க ஒரு மூச்சு வெளியேறியது. அதுதானே என்றார் ஒருவர். செயலாளரைப் பார்த்தாலே தெரியவில்லையா என்றார் இன்னொருவர். கல்லுப்போல் நின்ற ஜெபசிங்கை எல்லோரும் நன்றியோடு பார்த்தார்கள். ஜெபசுதா சிரித்தபடி அட்டையைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

ஜெபசிங் அந்த ஜிப்பைப் பார்த்தார். பிறகு, முன்வரிசையை விட்டுவிட்டு மூன்றாவது வரிசையில் அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்த ஜெபிஷாவின் வலது கையைப் பார்த்தார். அது மடியில் கிடந்தது. மைக்கைக் கையால் மூடினார்.

“நான் பாக்கல, ஜீவா.”

“என்னது?”

“மதிலு. நான் ஒருநாளும் பாத்ததில்ல. எனக்குத் தலைவலியே வந்தது கிடையாது. அதனாலதான் நல்லா இருக்கேன்.”

மைக் இல்லாமலே அது பின்வரிசைவரை கேட்டது. இத்தனை வருட உரைகளில் இவ்வளவு அமைதியாக யாரும் அவரைக் கேட்டதில்லை. ஜீவமணி மெதுவாக உட்கார்ந்தாள். அண்ணனின் முகத்தைப் பார்த்தாள், மகளின் கைப்பையைப் பார்த்தாள். “குடுத்துத் தொலையேன்ளா,” என்றாள். ஜெபசுதா எழுந்துபோய் அட்டையை ஜெபிஷாவின் கையில் வைத்தாள். கூடவே தன் கையையும் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். பின்வரிசையில் இரண்டு பெண்கள் தங்கள் பைகளைத் திறக்கும் சத்தம் கேட்டது. அந்த டாக்டர் எந்த நாளில் பார்ப்பார் என்று துபாய்க்காரர் ஒருவர், பக்கத்தில் இருந்தவருக்குக் கேட்காதபடி ஈவாஞ்சலினிடம் விசாரித்தார்.

பந்தி தொடங்கியது. பார்க்காதவர்கள் பரிமாற வேண்டும் என்பது ஏற்பாடு. ஜெபசிங் யாரும் சொல்லாமலே போய்ச் சாம்பார் வாளியைத் தூக்கினார். பழக்கமில்லாத கை. முதல் இலையிலேயே அப்பளத்தை நனைத்தார், இரண்டாவது இலையில் குருவானவரின் கையை. “மெதுவா மாமா,” என்று அவர் பின்னாலேயே துணியோடு வந்தாள் ஜெபசுதா.

தம்பியின் இலைக்கு வந்தபோது ஈவாஞ்சலின் கணவனை முழங்கையால் இடித்தாள்.

“அண்ணே, சாப்ட்டியா?” என்றார் நேசக்குமார்.

“இல்லலே நேசா. கடைசிப் பந்தியிலதான்.”

நேசக்குமார் அண்ணனின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இந்த முறை அவரை யாரும் இடிக்கவில்லை. “அப்ப அன்னைக்கு ஹாஸ்டல்ல என்னதான் ஆச்சு?”

ஜெபசிங் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து தம்பியின் காதில் சொன்னார். நேசக்குமார் சிரித்தார். இலையைத் தள்ளிவிட்டுத் தோள் குலுங்கச் சிரித்தார். இது நோயின் சிரிப்பா, அவருடைய சிரிப்பா என்று ஈவாஞ்சலின் ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். பிறகு பார்ப்பதை விட்டுவிட்டு அவளும் சேர்ந்து சிரித்தாள், என்னவென்று தெரியாமலேயே.

வேதியியல் தேர்வன்று காலையில் ஜெபசிங்குக்கு வயிற்றுப்போக்கு.